கூட இருந்தவனே அனுப்பப்படுகிறான்

(சபையில் புதிய ஊழியர்கள் உருவாகும் விதத்தைக் குறித்த வேத பாடம்)

வேதபகுதி: மாற்கு 3:13-15, அப்போஸ்தலர் 16:1-5, 2 தீமோத்தேயு 2:1-7





இந்தப் பாடத்தை ஒரு கேள்வியோடு ஆரம்பிப்போம். உங்கள் சபைப் போதகர் நாளைக்கே சுகவீனமாய்ப் படுக்கையில் விழுந்துவிட்டால், அடுத்த ஞாயிறு ஆராதனையை நடத்துவது யார்? வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் தேவ செய்தி கொடுப்பது யார்? ராத்திரி பத்து மணிக்கு ஒரு விசுவாசி வீட்டிலிருந்து "அப்பாவுக்கு ரொம்ப முடியல, வந்து ஜெபம் பண்ணுங்க" என்று ஆள் வந்தால், எழுந்து போவது யார்?

"பக்கத்து ஊர் பாஸ்டரைக் கூப்பிட்டுக்கலாம்" என்பது உங்கள் பதிலானால், இந்தப் பாடம் உங்கள் சபைக்குத்தான். ஒரு ஊழியக்காரரின் கண்ணீரினாலே ஆரம்பமாகி, அவருடைய அடக்கத்தோடு கதவு மூடப்பட்ட சபைகள் உண்டு. அங்கே ஜெபம் குறைவாய் இருந்ததில்லை, வரங்களும் குறைவாய் இருந்ததில்லை. ஆனால் அவருக்குப் பின் நிற்க ஒருவரும் ஆயத்தமாக்கப்படவில்லை. ஆடுகள் சிதறிப்போயின.

அறுப்புக்கு ஆட்களை அனுப்பும்படி எஜமானிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்று மத்தேயு 9-ஆம் அதிகாரத்தின் கடைசியில் ஆண்டவர் சீஷர்களுக்குச் சொன்னார். அடுத்த அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஜெபிக்கச் சொன்ன அதே பன்னிரண்டு பேரைத்தான் அவர் அனுப்புகிறார்! ஆட்கள் வேண்டும் என்று ஜெபிக்கிற சபைக்குள்ளேதான் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை உருவாக்குகிற வேலையைத்தான் நாம் விட்டுவிட்டோம்.

1. அழைப்பின் இரண்டு நோக்கங்கள்

மாற்கு 3:14-ஐ நிதானமாய் வாசியுங்கள். ஆண்டவர் பன்னிரண்டு பேரை ஏற்படுத்தினார். எதற்காக? இரண்டு காரியங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. முதலாவது, அவர்கள் அவரோடே இருக்க வேண்டும். இரண்டாவது, பிரசங்கம்பண்ண அவர் அவர்களை அனுப்ப வேண்டும். பிசாசுகளைத் துரத்தும் அதிகாரம் அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள்.

இன்றைக்கு நம்முடைய சபைகளில் இரண்டு விதமான குறை காணப்படுகிறது. சில இடங்களில் கூட இருக்காதவர்களை அனுப்பிவிடுகிறோம். போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்த வாலிபன் நன்றாய்ப் பாடுகிறான், சத்தமாய் ஜெபிக்கிறான் என்றவுடனே மைக்கைக் கையில் கொடுத்து, நோட்டீசில் பேரையும் போட்டுவிடுகிறோம். வேறு சில இடங்களில் கூடவே வைத்துக்கொள்கிறோம், ஒருநாளும் அனுப்புகிறதில்லை. இருபது வருஷமாய்ப் பாய் விரித்து, மைக் செட் கட்டி, பாஸ்டர் ஐயாவின் பையைத் தூக்கிக்கொண்டு போகிற சகோதரனுக்கு இன்னும் பதினைந்து நிமிஷம் பேச இடம் கிடைக்கவில்லை.

நெல் விவசாயம் பார்த்தவர்களுக்கு இது நன்றாய்ப் புரியும். நாற்றங்காலில் விதைத்த பயிரை ஒரு வாரத்திலே பிடுங்கி நட்டால் சேற்றில் அழுகிப்போகும். ரகத்திற்கு ஏற்றபடி மூன்று வாரமோ நாலு வாரமோ நாற்றங்காலிலே இருக்க வேண்டும். அதே சமயம், வயது கடந்தும் பிடுங்காமல் விட்டுவிட்டால் நாற்று முற்றிப்போகும். பிறகு நட்டாலும் சரியாய்த் தூர் கட்டாது, விளைச்சல் குறையும். நாற்றங்கால் தேவைதான். ஆனால் நாற்றங்காலிலே அறுவடை செய்த விவசாயி ஒருவனும் இல்லை.

2. கூட இருப்பதில் என்ன கிடைக்கிறது?

"எனக்கு அபிஷேகம் இருக்கு, பிரதர். எனக்கு எதுக்கு டிரெய்னிங்?" என்று கேட்கிற வாலிபர்கள் உண்டு. அபிஷேகம் இல்லாமல் ஊழியம் இல்லை, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அபிஷேகம்பண்ணப்பட்ட தாவீது உடனே சிங்காசனத்தில் உட்காரவில்லை. திரும்பவும் ஆடு மேய்க்கப் போனான் (1 சாமுவேல் 16:13, 19). எலியாவின் சால்வை தன்மேல் விழுந்த பிறகு எலிசா கன்வென்ஷன் நடத்தப் போகவில்லை. எலியாவுக்குப் பணிவிடை செய்தான் (1 இராஜாக்கள் 19:21). பிற்காலத்தில் ஒரு ராஜாவுக்கு எலிசாவை அறிமுகம் செய்தவன், எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன் என்றுதான் சொன்னான் (2 இராஜாக்கள் 3:11). அதுதான் அவனுடைய சர்டிபிகேட்!

தீமோத்தேயுவைப் பாருங்கள். பவுல் அவனைச் சேர்த்துக்கொண்ட ஊர் லீஸ்திரா. அதே ஊரில்தான் பவுலைக் கல்லெறிந்து, செத்துப்போனான் என்று நினைத்து வெளியே இழுத்துப் போட்டார்கள் (அப்போஸ்தலர் 14:19). பல வருஷங்களுக்குப் பின் சிறையிலிருந்து எழுதும்போது, தன்னுடைய போதகத்தை மாத்திரம் அல்ல, தன் நடக்கை, நோக்கம், பொறுமை, பாடுகள் எல்லாவற்றையும் தீமோத்தேயு நன்றாய் அறிந்திருக்கிறான் என்று பவுல் நினைப்பூட்டுகிறார் (2 தீமோத்தேயு 3:10, 11).

இன்றைக்குக் கைப்பேசியைத் திறந்தால் ஒரே ராத்திரியில் பத்து தேவ மனிதர்களின் பிரசங்கத்தைக் கேட்கலாம். நல்லதுதான். ஆனால் அந்தப் பிரசங்கியார் கையில் காசு இல்லாதபோது எப்படி நடந்துகொள்கிறார், தன்னைத் தூஷித்த விசுவாசியின் வீட்டுக் கல்யாணத்திற்கு எந்த முகத்தோடு போகிறார், மனைவியிடம் எப்படிப் பேசுகிறார் என்பதைக் கைப்பேசி காட்டாது. இவைகளைக் கூட இருந்துதான் கற்றுக்கொள்ள முடியும்.

வேதாகமக் கல்லூரி வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். கர்த்தர் நடத்தினால் போய்ப் படியுங்கள். எபிரெயமும் கிரேக்கமும் சபைச் சரித்திரமும் தெரிந்த ஊழியர் நமக்கு அவசியம். ஆனால் கல்லூரி ஒருவனுக்கு வேதத்தைக் கற்றுக்கொடுக்கும், ஆடுகளோடு வாழக் கற்றுக்கொடுப்பது சபைதான். சபை அனுப்பிப் படிக்கப் போகிறவன் சபைக்குத் திரும்பி வர வேண்டும்.

3. சரித்திரம் சொல்லும் சாட்சி

நம்முடைய தேசத்திலே நடந்த ஒரு காரியத்தைப் பாருங்கள். 1820-இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஊர் ஊராய்ச் சபைகள் எழும்பியபோது, எல்லாவற்றையும் ஒரு வெள்ளைக்காரரே பார்த்துக்கொள்ள முடியாது என்று அறிந்து, தமிழ் உபதேசியார்களைப் பயிற்றுவிக்கிற வேலையில் கருத்தாயிருந்தார். அங்கே படித்த பிள்ளைகளில் ஒருவர்தான் அருளப்பன். பின்பு அவர் விசுவாச ஜீவியத்தைக் குறித்துப் போதித்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரோடும் இருந்து கற்றுக்கொண்டார். 1840-இல் கிறிஸ்டியான்பேட்டை என்னும் கிராமத்தை ஏற்படுத்தி அங்கே ஊழியம் செய்தார். 1860-இல் அவருடைய ஊழியத்தின் மத்தியிலே பெரிய எழுப்புதல் உண்டானது. பாவ அறிக்கையும், அந்நியபாஷைகளும், தீர்க்கதரிசனமும் அங்கே காணப்பட்டன. அசுசா தெரு எழுப்புதலுக்கு நாற்பத்தாறு வருஷங்களுக்கு முன்னே, நம் திருநெல்வேலிச் சீமையிலே!

ரேனியஸ் 1838-இலேயே மரித்துப்போனார். அவர் கற்றுக்கொடுத்த பையனுடைய ஊழியத்தில் 22 வருஷங்களுக்குப் பின் விழுந்த மழையை அவர் காணவில்லை. ஒரு வாலிபனுக்கு நீங்கள் செலவிடுகிற நேரத்தின் பலனை நீங்கள் பார்க்காமலே போகலாம். ஆனாலும் அது வீணாகாது.

அசுசா தெருவைச் சொன்னோம். அங்கே 1906-இல் தேவன் பயன்படுத்தின வில்லியம் சீமோர் ஒரு கறுப்பர். அந்த வருஷத்தின் ஆரம்பத்தில் ஹூஸ்டன் பட்டணத்தில் சார்ல்ஸ் பார்ஹாம் நடத்தின வேதப் பள்ளியில் சேர்ந்தார். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாய் உட்காரக்கூடாது என்ற வழக்கம் அந்த ஊரில் இருந்தபடியால், அறைக்கு வெளியே இருந்து, திறந்திருந்த கதவு வழியாய்ப் பாடம் கேட்டார். உள்ளே இடம் கொடுக்கப்படாத அந்த மனிதனைத் தேவன் லாஸ் ஏஞ்சல்ஸில் உலகமெங்கும் பரவின எழுப்புதலுக்குத் தலைவனாக வைத்தார்.

பிரியமானவர்களே, நம்முடைய சபைகளில் கதவுக்கு வெளியே யாரை உட்கார வைத்திருக்கிறோம்? "அவன் நல்ல பையன்தான், ஆனா நம்ம ஆளுங்க அவன் கையால அப்பம் வாங்குவாங்களா?" என்று ஜாதியைப் பார்த்து ஒதுக்கப்பட்டவர்கள் இல்லையா? இங்கிலீஷ் தெரியாது, குடிசையில் இருக்கிறான், அப்பா குடிகாரர் என்று தள்ளப்பட்டவர்கள் இல்லையா? கல்வாரியின் இரத்தத்தினால் கழுவப்பட்டவனை ஜாதியின் பேரால் தள்ளுகிற சபை எழுப்புதலுக்காக ஜெபிப்பதில் என்ன பிரயோஜனம்?

இலங்கையில் பாஸ்டர் பால் அவர்களால் 1920-களில் தொடங்கப்பட்ட சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனில் ஊழியர்கள் விசுவாச வீடுகளில் ஒன்றாய் வாழ்ந்து, ஒன்றாய் ஜெபித்து, மூத்தவர்களின் கீழ் உருவானார்கள். எல்லாச் சபைகளும் அந்த முறையைப் பின்பற்ற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஊழியன் ஒரு வீட்டுக்குள், ஒரு குடும்பமாக உருவாகிறான் என்ற சத்தியம் எல்லாருக்கும் பொதுவானது.

4. உள்ளூர் சபையில் பயிற்சி எப்படி நடக்க வேண்டும்?

இதைப் படிப்படியாய்த் தியானிப்போம்.

முதலாவது, சாட்சி. தீமோத்தேயுவைக் குறித்து லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் இருந்த சகோதரர்கள் நல்ல சாட்சி கொடுத்தார்கள் (அப்போஸ்தலர் 16:2). இரண்டு ஊர் சாட்சி! மேடையில் அவன் எப்படி என்று மட்டும் பார்க்காதிருங்கள். வீட்டில் எப்படி? வேலை செய்கிற கம்பெனியில் எப்படி? மளிகைக் கடைக்காரரிடம் கடன் சொல்லிவிட்டு வேறு தெரு வழியாய்ப் போகிறவனா? முதலில் சோதித்து அறிய வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3:10-லும், ஒருவன்மேல் அவசரமாய்க் கைகளை வைக்கக்கூடாது என்று 5:22-லும் பவுல் எச்சரிக்கிறார்.

இரண்டாவது, சிறிய வேலை. ஞாயிறு பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு யோனாவின் கதையைச் சொல்லத் தெரியாதவன், பெரியவர்களுக்கு வெளிப்படுத்தின விசேஷத்தை எப்படி விளக்குவான்? கைப்பிரதி கொடுக்கட்டும். ஆராதனைக்கு முன்னே வந்து பெருக்கட்டும். வராத விசுவாசிகளின் பேரை எழுதி வீடு தேடிப் போகட்டும். ஒருவரும் பார்க்காத இடத்தில் உண்மையாயிருக்கிறவனிடம் பெரிய காரியத்தை நம்பி ஒப்புக்கொடுக்கலாம்.

மூன்றாவது, கூட்டிக்கொண்டு போகுதல். போதகர் வீடு சந்திக்கப் போகும்போது தனியே போகாமல் ஒரு வாலிபனை அழைத்துப்போக வேண்டும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் நோயாளியும் இருக்கிறார், ஜெபம் சுருக்கமாய், தாழ்ந்த சத்தத்தில் இருக்க வேண்டும் என்பதை அவன் கண்ணாலே பார்க்கட்டும். துக்க வீட்டில் முதலில் பிரசங்கம் அல்ல, பாயில் உட்கார்ந்து அழுகிறவரின் கையைப் பிடித்துக்கொள்வதுதான் ஊழியம் என்று அறியட்டும். ஒரு சகோதரி மட்டும் தனியே இருக்கிற வீட்டுக்குள் தனியே போகக்கூடாது என்பதைப் பழகட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வீட்டில் கண்ணீரோடு சொல்லப்பட்ட இரகசியம் அடுத்த ஞாயிறு பிரசங்க உதாரணமாய் வரவே கூடாது என்பதைக் கற்றுக்கொள்ளட்டும். நாவை அடக்கத் தெரியாதவனால் விழுந்துபோன குடும்பங்கள் எத்தனையோ!

நான்காவது, வசனம். அப்பொல்லோ வேதத்தில் வல்லவன், ஆவியில் அனலுள்ளவன். ஆனாலும் யோவானின் ஞானஸ்நானம் மாத்திரமே அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் சபை நடுவில் எழுந்து அவனை வெட்கப்படுத்தவில்லை. தங்களிடம் அழைத்து, தேவனுடைய வழியை இன்னும் சரியாய் விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:26). திருத்தினவர்கள் கூடாரம் செய்கிற ஒரு குடும்பம் என்பதையும் கவனியுங்கள். வீட்டுக் கூட்டத்தில் பதினைந்து நிமிஷம் கொடுங்கள். ஒரே வேதபகுதி. ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் ஓட வேண்டாம். முடிந்த பிறகு தனியே உட்கார்ந்து, "தம்பி, இந்த வசனத்துக்கு முன்னாடி ரெண்டு வசனம் வாசிச்சிருந்தா அர்த்தம் இன்னும் தெளிவா வந்திருக்கும்" என்று அன்போடு சொல்லுங்கள்.

ஐந்தாவது, பணம். எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப் பணத்தைப் பவுல் தனியே எடுத்துப்போகவில்லை. சபைகளால் நியமிக்கப்பட்ட சகோதரனும் கூட இருந்தான். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் நேர்மையாய் இருக்கும்படி அப்படிச் செய்தார் (2 கொரிந்தியர் 8:19-21). காணிக்கை எண்ணும்போது எப்போதும் இரண்டு பேர். எண்ணினவுடனே நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்து. இந்தப் பழக்கத்தில் வளர்ந்த வாலிபன் நாளைக்குத் தன்னையும் காத்துக்கொள்வான், சபையின் பேரையும் காப்பான்.

ஆறாவது, அனுப்புதல். ஆண்டவர் சீஷர்களை இரண்டிரண்டு பேராய் அனுப்பினார். அவர்கள் திரும்பி வந்து செய்ததையும் போதித்ததையும் அறிவித்தார்கள். அவர்களை இளைப்பாறவும் அழைத்தார் (மாற்கு 6:7, 30, 31). அனுப்புதல், கேட்டறிதல், இளைப்பாறுதல் மூன்றும் சேர்ந்ததுதான் பயிற்சி. கிளைச் சபைக்கு ஒருவனை அனுப்பிவிட்டு ஆறு மாசம் எட்டிப் பார்க்காமல் விடுவது அனுப்புதல் அல்ல, கைவிடுதல்.

5. தவறிப்போகும்போது என்ன செய்வது?

மலையின் அடிவாரத்தில் ஒரு பிள்ளையின் பிசாசைத் துரத்த சீஷர்களால் முடியாமற்போனது. ஜனங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டவர் பிள்ளையைச் சுகமாக்கினார். பிறகு வீட்டுக்குள் போனபோது, எங்களால் ஏன் முடியவில்லை என்று சீஷர்கள் தனியாய்க் கேட்டார்கள், அங்கே அவர் காரணத்தைச் சொன்னார் (மாற்கு 9:28, 29). தோல்வி வெளியே, ஏன் தோற்றார்கள் என்ற பாடம் வீட்டுக்குள்ளே. இதை மூத்த ஊழியர்கள் மறக்கக்கூடாது. பிரசங்க பீடத்திலிருந்து உதவி ஊழியரைக் குத்திப் பேசுகிற பழக்கம் எத்தனையோ வாலிபர்களை நொறுக்கிப்போட்டது.

மாற்கு என்னும் யோவான் பாதி வழியில் திரும்பிப் போனான். பவுல் அவனை மறுபடியும் சேர்க்க மாட்டேன் என்றார். பர்னபா அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு சீப்புருவுக்குப் போனார் (அப்போஸ்தலர் 15:37-39). முடிவில் என்ன ஆனது? சிறையிலிருந்து அதே பவுல், மாற்கு ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமானவன், அவனை அழைத்துவா என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:11). ஒருதரம் ஓடிப்போனவனைத் தேடிப்போக நம் சபையில் ஒரு பர்னபா உண்டா?

ஆனால் பாவத்தில் விழுந்ததையும் பயந்து பின்வாங்கினதையும் ஒன்றாக்கிவிடாதிருங்கள். ஒழுக்கத்திலோ பணத்திலோ விழுந்தவனை மூடி மறைத்து வேறு ஊர் சபைக்கு மாற்றி அனுப்புவது அன்பு அல்ல. அது அந்த ஊர் ஆடுகளுக்குச் செய்கிற துரோகம். மனந்திரும்புதலும், ஊழியத்திலிருந்து விலகி இருத்தலும், நீண்ட காலம் கனி காண்பதும் அங்கே அவசியம்.

6. இரண்டு பக்கமும் உள்ள ஆபத்து

மூத்தவருக்கு உள்ள ஆபத்து சவுலின் ஆவி. பெண்கள் பாடின ஒரு பாட்டினால் சவுலின் கண் தாவீதின்மேல் மாறிப்போனது (1 சாமுவேல் 18:7-9). நேற்று வரைக்கும் "என் பிள்ளை" என்றவர், பையனுடைய செய்திக்கு ஜனங்கள் அதிகமாய் "ஆமென்" சொன்னவுடனே ஈட்டியைத் தேடுகிறார். பர்னபாவைப் பாருங்கள். தர்சு பட்டணத்திற்குப் போய்ச் சவுலைத் தேடி அழைத்துவந்தது அவர்தான். ஆரம்பத்தில் "பர்னபாவும் சவுலும்" என்று எழுதப்பட்டது. அப்போஸ்தலர் 13-ஆம் அதிகாரம் முடிகிறதற்குள் "பவுலும் பர்னபாவும்" என்று பேர் மாறி வருகிறது. பர்னபா அதற்காக முறுமுறுத்தார் என்று ஒரு வார்த்தையும் இல்லை. தான் உருவாக்கினவன் தன்னைவிட முன்னே போவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவன்தான் ஆவிக்குரிய தகப்பன்.

இளையவருக்கு உள்ள ஆபத்து கேயாசியின் ஆவியும், அகிமாசின் அவசரமும். கேயாசி எலிசாவின் கூடவே இருந்தான், ஆனால் அவன் இருதயம் நாகமானின் பெட்டிகளுக்குப் பின்னே ஓடியது (2 இராஜாக்கள் 5). அகிமாஸ் வேகமாய் ஓடினான், கூஷியை முந்தியும் விட்டான். ராஜாவுக்கு முன் நின்றபோது சொல்லுவதற்குத் தெளிவான செய்தி இல்லை (2 சாமுவேல் 18:19-32). ஓட்டம் உண்டு, செய்தி இல்லை!

இந்த இரண்டு ஆவிகளும் ஒரே சபையில் சந்திக்கும்போது என்ன நடக்கிறது? ஒரு ஞாயிறு காலை, பாதி நாற்காலிகள் காலி. அடுத்த தெருவில் புது போர்டு. ஒரே குடும்பத்தில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே. ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றவர்கள் பஸ் ஸ்டாண்டில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பிசாசுக்கு இதைவிடப் பெரிய கன்வென்ஷன் வேண்டுமா? ஏற்ற காலத்தில் கைவைத்து, ஜெபித்து, சந்தோஷமாய் அனுப்பியிருந்தால் அதே வாலிபன் ஒரு கிளைச் சபையைக் கட்டியிருப்பான். அந்தியோகியா சபை தன்னிடம் இருந்தவர்களில் சிறந்த இருவரை உபவாசித்து, ஜெபித்து அனுப்பிற்று (அப்போஸ்தலர் 13:1-3). அதனால் அந்தச் சபை ஏழையாகிவிடவில்லை.

7. விசுவாசிகளாகிய நம்முடைய பங்கு

"இது பாஸ்டர்மாருக்கான பாடம், நமக்கென்ன?" என்று நினைக்காதிருங்கள். தீமோத்தேயு வரும்போது அவன் பயமில்லாமல் உங்களிடத்தில் இருக்கும்படி பாருங்கள், ஒருவரும் அவனை அற்பமாய் எண்ண வேண்டாம் என்று பவுல் எழுதினது ஊழியர்களுக்கு அல்ல, கொரிந்து சபையின் விசுவாசிகளுக்கு (1 கொரிந்தியர் 16:10, 11). ஒரு வாலிப ஊழியனை உருவாக்கவும் உடைக்கவும் சபை ஜனங்களால் முடியும்.

அவன் முதல் செய்தி கொடுக்கும்போது கடிகாரத்தைப் பார்க்காதிருங்கள். வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவனுக்காக உள்ளத்தில் ஜெபியுங்கள். முடிந்தவுடனே "பாஸ்டரைவிட நீதான் நல்லா பேசுற" என்று சொல்லாதிருங்கள். அந்த ஒரு வார்த்தை புதிய விசுவாசியைப் பெருமையில் விழத்தள்ளும் கண்ணி (1 தீமோத்தேயு 3:6). போதகரைக் குறித்த குறைகளை அவனிடம் கொண்டுபோகாதிருங்கள். பட்டண வாசலில் நின்று ஜனங்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அப்சலோம் அப்சலோம் ஆனான் (2 சாமுவேல் 15:1-6).

"தம்பி, சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். உதவி ஊழியர் வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பீஸ் கட்டியாயிற்றா என்று விசாரியுங்கள். உபதேசிக்கப்படுகிறவன் உபதேசிக்கிறவனுக்குச் சகல நன்மைகளிலும் பங்கு கொடுக்க வேண்டும் என்பது வேதத்தின் கட்டளை (கலாத்தியர் 6:6).

பெற்றோரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நன்றாய்ப் படிக்கிற மகனை இன்ஜினியரிங்குக்கு அனுப்பிவிட்டு, படிப்பு ஏறாத பிள்ளையைப் பார்த்து "இவனை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்திருக்கோம்" என்று சொல்லுகிறோமே! ஊனமானதைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்ததைக் குறித்து மல்கியா 1:8-இல் கர்த்தர் என்ன கேட்டார் என்று வாசியுங்கள். அன்னாள் கண்ணீரோடு பெற்ற முதற்பேறைக் கொடுத்தாள். அதே சமயம், அழைப்பு இல்லாத பிள்ளையைப் பொருத்தனைக்காக ஊழியத்தில் தள்ளாதிருங்கள். அழைக்கிறவர் கர்த்தர்.

சகோதரிகளே, நீங்களும் இதில் உண்டு. தீமோத்தேயுவின் முதல் வேதப் பள்ளி பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் இருந்த வீடுதான். 1905-இல் பூனாவுக்கு அருகே கெட்காவோனில் பண்டித ரமாபாய் அம்மையார் நடத்தின முக்தி மிஷனில் எழுப்புதல் உண்டானபோது, அங்கே இருந்த பெண்பிள்ளைகள்தான் கூட்டங்கூட்டமாய் ஜெபித்தார்கள், சுற்றியிருந்த கிராமங்களுக்குச் சுவிசேஷம் சொல்லப் போனார்கள். பாஸ்டரம்மாவும் மூத்த சகோதரிகளும் தீத்து 2:3-5-இன்படி இளம் சகோதரிகளை அருகில் அழைத்து, வீடு சந்திக்கவும், ஜெபக் குழு நடத்தவும், வேதம் போதிக்கவும் பழக்க வேண்டும்.

முடிவாக

2 தீமோத்தேயு 2:2-இல் நாலு தலைமுறை இருக்கிறது. பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்களால் போதிக்கப்படும் மற்றவர்கள். நமக்குச் சுவிசேஷம் வந்து சேர்ந்தது இந்தச் சங்கிலியினாலே. மோசேக்குப் பின் யோசுவா ஆயத்தமாய் நின்றான். யோசுவாவுக்குப் பின் நின்ற ஒருவனின் பேர் எழுதப்படவில்லை. கர்த்தரையும் அவர் செய்த கிரியைகளையும் அறியாத ஒரு சந்ததி எழும்பிற்று (நியாயாதிபதிகள் 2:10). கானானைச் சுதந்தரித்த ஒரு தலைமுறைக்கு அடுத்த தலைமுறையிலே பாகால்!

சங்கிலி நம் சபையில் அறுந்துபோக விடலாமா? மூத்த ஊழியரே, இந்த வாரம் உங்களோடு கூட்டிக்கொண்டு போக ஒருவனைத் தேர்ந்தெடுங்கள். வாலிபனே, மேடையைத் தேடாதே, உனக்கு முன்னே நடக்கிற ஒரு தேவ மனிதனைத் தேடி அவர் கைக்குத் தண்ணீர் வார். விசுவாசிகளே, இருவரையும் ஜெபத்தில் தாங்குங்கள்.

வீட்டுக் கூட்டங்களில் தியானிக்க:

1. நமது சபையில் "கூட இருக்கும்" காலம் குறைவாயிருக்கிறதா, "அனுப்பும்" காலம் தாமதமாயிருக்கிறதா?
2. அப்பொல்லோவைத் திருத்தின விதத்திலிருந்து (அப்போஸ்தலர் 18:24-28) நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்?
3. நாம் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிற அழைப்புள்ளவர்கள் யார்? ஏன்?
4. உங்கள் சபையின் வாலிப ஊழியர் ஒருவருக்காக இந்த மாதம் நீங்கள் செய்யப்போகிற ஒரு காரியம் என்ன?

ஜெபம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, எங்கள் சபையில் நீர் அழைத்திருக்கிறவர்களைக் காணும்படி எங்கள் கண்களைத் திறந்தருளும். அவர்களைத் தகப்பனைப்போலத் தோளில் சுமக்கவும், ஏற்ற காலத்தில் பொறாமையின்றி அனுப்பவும் எங்களுக்குக் கிருபை தாரும். உமது வருகைமட்டும் இந்தச் சபையின் தீபம் அணையாதிருக்கட்டும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கர்த்தர் தாமே உங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக. மாரநாதா!